பழைய வானொலியும் கடதாசி ஒடுக்கியும்

வானொலிப் பெட்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வால்வின் வரலாற்றையே எழுதி அமைவர். பிளெமிங்கு 1904இல் இருவாயியை ஆக்கியதும், இலீ டி பொறெசுற்று 1906இல் அதனுள் மூன்றாம் மின்வாயைப் புகுத்தியதும் நூல்தோறும் காணப்படும் செய்திகள். கண்ணாடிக் குமிழினுள் செந்நிறமாய் ஒளிரும் இழை காண்போர் கண்ணைக் கவர்வது இயல்பே. ஆயின், எண்பது தொண்ணூறு ஆண்டு கழிந்த ஒரு பெட்டியைத் திறந்து மீண்டும் பேசவைக்க முயல்பவனுக்கு வால்வு அத்துணை இடர் தருவதன்று. மரப்பேழை நிற்கும், பேக்கிலைற்று உடல் நிற்கும், செப்புச் சுருள்களும் பெரும்பாலும் நிற்கும். நில்லாது அழிவது, அடித்தட்டின் கீழே மெழுகு பூசிக் கிடக்கும் சுண்டுவிரலளவான கடதாசிக் குழாயே. தான் அழிவதோடு அமையாது, அருகிலுள்ளனவற்றையும் அழிப்பது அதன் இயல்பு. முன்னாளில் கண்டென்சர் என்றும் ஒடுக்கி என்றும் வழங்கி, இற்றைப் பாடநூல்களிற் கொள்ளளவி எனப்படும் உறுப்பு அதுவாகும்.

ஒடுக்கியின் அமைப்பு மிக எளிது. இரு உலோகத் தகடுகள். அவற்றிடையே மின்னைக் கடத்தாத காவலி ஒன்று. நேரோட்டத்தை அது தடுக்கும், ஆடலோட்டத்தைச் செல்லவிடும், ஏற்றத்தைத் தேக்கிவைத்து வேண்டும்போது விடும். ஆதலின் ஒடுக்கியின் வரலாறாவது உண்மையிற் காவலியின் வரலாறே. கண்ணாடி, மைக்கா, கடதாசி, ஒட்சைட்டுப் படலம், செயற்கைப் படலம் என இடையிலுள்ள பொருள் மாறிவந்ததன்றி உலோகத் தகட்டின் தொழில் மாறியதில்லை.

முதற்காவலி கண்ணாடி. 1745ஆம் ஆண்டு பொமெரேனியாவிலே எவால்டு கியோர்க்கு வொன் கிளைசிற்று என்னும் சமயகுருவும், அடுத்த ஆண்டிற்குள் ஒல்லாந்தின் இலெயிடன் நகரிற் பேராசிரியர் பீற்றர் வான் மூசென்புரூக்கும், நீர் நிரப்பிய கண்ணாடிக் கலத்தில் மின்னைத் தேக்கலாமென்பதைத் தனித்தனியே கண்டனர். கலத்தைக் கையிலேந்தி நின்ற மூசென்புரூக்கு பெற்ற அதிர்ச்சி பெரிது. பிரான்சு நாடு முழுவதையும் தருவதாயினும் மீண்டும் அதற்கு உடன்படேன் என்னும் கருத்துப்பட அவர் 1746இல் இரெயோமியூர் என்னும் பிரெஞ்சு அறிஞருக்கு எழுதினார். இலெயிடன் சாடி என்னும் பெயர் இந்நகர் காரணமாக வந்தது. பழைய வானொலியைத் திறப்போர் இக்கதையை வேடிக்கையாக மாத்திரம் கொள்ளலாகாது. 350 உவோற்றுக்கு ஏற்றப்பட்ட 16 மைக்குரோபரட்டு ஒடுக்கியொன்று ஏறத்தாழ ஒரு யூல் ஆற்றலைத் தாங்கியிருக்கும். மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் அது எளிதில் அகலாது. தகுந்த தடையொன்றினூடாக அதனை வெளியேற்றி, உவோற்றுமானியாற் பார்த்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும்.

கம்பியில்லாத் தந்தியின் தொடக்கநாட்களில் தீப்பொறி அனுப்பிகளுக்கு இலெயிடன் சாடிகளே துணையாயின. அவை பருத்தவை, எளிதில் உடைவன. முதலாம் உலகப்போரையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்கரான வில்லியம் தூபிலியர் மைக்கா ஒடுக்கியை வளர்த்து அவற்றின் இடத்தைப் பிடித்தார். மைக்கா நிலத்திலிருந்து எடுக்கப்படும் கனிப்பொருள். ஈரத்தையும் வெப்பத்தையும் பொறுக்கும். பழைய பெட்டிகளில் இன்றும் பெரும்பாலும் பழுதின்றி இருப்பவை மைக்கா ஒடுக்கிகளே. அவற்றைக் காரணமின்றிக் கழற்றுதல் வீண். எனினும் மைக்கா விலையுயர்ந்தது. சிறிய கொள்ளளவிற்கே அது ஏற்றது. வீடுதோறும் வானொலி புகவேண்டுமாயின் மலிவான காவலி தேவை.

அக்காவலி முன்னரே கிடைத்திருந்தது. 1876இலே பிற்செரால்டு என்பார் மெழுகில் தோய்த்த கடதாசியை இரு உலோகத் தாள்களிடையே வைத்துச் சுருட்டிய ஒடுக்கிக்கு இங்கிலாந்திற் புனைவுரிமை பெற்றார். தந்தித் தொழிலுக்கெனத் தோன்றிய அப்பொருளை 1920களில் ஒலிபரப்பு பெருந்தொகையாக வேண்டிற்று. கடதாசி மலிவு, சுருட்டுதல் எளிது, எந்திரமே சுருட்டும். ஆயினும் கடதாசியென்பது மரத்தின் நார். மெழுகு எவ்வளவு ஊறினும் நாரின் நுண்துளை யாவும் நிரம்புவதில்லை. முனைகளின் வழியே காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உட்புகும். ஈரம்பட்ட கடதாசியில் அமிலம் தோன்றும். அமிலம் நாரை அரிக்கும். அரிபட்ட இடத்தில் மின் கசியும். கசிவு வெப்பத்தைத் தரும். வெப்பம் அரிப்பை விரைவுபடுத்தும். செய்தித்தாள் பழுப்பேறி நொறுங்குவதும் வானொலி ஒடுக்கி கசிவதும் ஒரே குடும்பத்து நோய்கள் எனல் பிழையாகாது.

மெழுகின் வகையும் ஈண்டுக் கருதற்பாலது. வெறும் பரபின் மெழுகினும் குளோரீன் ஏற்றிய நத்தலீன் மெழுகு சிறிய சுருளிற் கூடிய கொள்ளளவைத் தந்தமையால் உற்பத்தியாளர் பலர் அதனை விரும்பினர். அம்மெழுகின் ஆவியை மூச்சிழுத்த தொழிலாளர் சிலர் ஈரல் கெட்டு இறந்ததனால் ஆவார்டுப் பல்கலைக்கழகத்துச் செசில் திரிங்கரும் அவர்தம் உடனாய்வாளரும் அப்பொருளை ஆராய்ந்து 1937இல் முடிவுகளை வெளியிட்டனர். வானொலி வரலாற்றில் இத்தொழிலாளர் குறிப்பிடப்படுவது அரிது. இன்று பழைய ஒடுக்கியைச் சூடாக்கி மெழுகை உருக்குபவன், காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்தே அதனைச் செய்தல் வேண்டுமென்பதற்குக் காரணமும் இதுவே.

வானொலி மின்கலத்தால் இயங்கிய காலத்திற் பெரிய ஒடுக்கி வேண்டியதில்லை. 1925இலே கனடாவின் தொறன்ரோ நகரில் எட்வேட்டு இரோசர்சு வீட்டு மின்னிலே நேரே இயங்கும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். பிறரும் தொடர்ந்தனர். ஆடலோட்டத்தைச் சீராக்கி கொண்டு நேரோட்டமாக்கினும் அதிலொரு துடிப்பு எஞ்சும். அது ஒலிபெருக்கியில் வண்டின் முரற்சியாய் ஒலிக்கும். அத்துடிப்பை விழுங்கப் பல மைக்குரோபரட்டுக் கொள்ளளவு தேவை. கடதாசியில் அதனைச் செய்யின் செங்கல்லளவான பெட்டகம் வேண்டும். இவ்விடத்திலேதான் மின்பகுப்பொடுக்கி வந்து புகுந்தது. அலுமினியத்தின் மேற்பரப்பிற் படியும் ஒட்சைட்டுப் படலத்தையே காவலியாகக் கொள்ளலாமென்று போலந்து நாட்டினரான கரோல் பொல்லாக்கு 1896இற் புனைவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஓர் உவோற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை நனோமீற்றர் தடிப்பே அப்படலத்திற்குப் போதும். ஆதலாற் சிறிய கலத்திற் பெரிய கொள்ளளவு அடங்கும். முதலில் வந்தவை கரைசல் நிறைந்த ஈர ஒடுக்கிகள். 1920களின் நடுப்பகுதியிற் சாமுவேல் உரூபன் கரைசலைக் களியாக்கிக் கடதாசியிற் பொதிந்து உலர் வகையை அமைத்தார். உலர் என்பது பெயரளவினதே. முற்றும் உலர்ந்தால் அது ஒடுக்கியாகாது.

மலிவு என்னும் நோக்கம் எவ்வளவு தூரம் சென்றதென்பதற்கு யேர்மனியில் 1938இல் வந்த டி கே ஈ 38 என்னும் சிறு பெட்டியினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. 1933இல் வந்த 'மக்கள் வானொலி' 76 மார்க்கு விலையது. அதனினும் மலிவாக, 35 மார்க்கிற்கு, ஆட்சியாளரின் குரல் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்கவேண்டுமென்ற நோக்கோடு இது வெளியிடப்பட்டது. மக்கள் அதனைப் பரப்புரை அமைச்சர் கோயபெல்சின் வாயென்று ஏளனமாய் அழைத்தனர். அதில் நிலைமாற்றி இல்லை. வீட்டு மின் நேரே சுற்றிற் பாயும். வால்வுகள் இரண்டே. ஒன்று வீ வை 2 என்னும் சீராக்கி. மற்றையது வீ சீ எல் 11. உணர்த்தும் மூவாயியும் ஒலிபெருக்கியை இயக்கும் நால்வாயியும் அதன் ஒரே குமிழினுள் அடக்கப்பட்டிருந்தன. இவ்விரு பகுதிகளையும் இணைத்துநிற்பது ஒரு சிறு கடதாசி ஒடுக்கி.

இவ்விணைப்பொடுக்கியே பழைய வானொலிகளில் மிகக் கொடியது. ஆங்கில நாட்டு மீட்பாளர் அதனைப் பெயர் சொல்லாது 'அந்த ஒடுக்கி' என்றே சுட்டுவர். கேட்பவர்க்கும் எந்த ஒடுக்கியென்பதில் ஐயமிராது. முன் வால்வின் அனோட்டிலுள்ள உயர்ந்த நேரழுத்தத்தைத் தடுத்து, ஒலிக்குரிய ஆடலை மட்டும் பின் வால்வின் நெய்யரிக்கு விடுதல் அதன் கடமை. அனோட்டில் 100 உவோற்றும் நெய்யரித் தடை 5 இலட்சம் ஓமும் எனக் கொள்வோம். ஒடுக்கியின் கசிவுத்தடை 10 மெகாவோமாகக் குறைந்திருப்பின் ஏறத்தாழ 9.5 மைக்குரோவம்பியர் கசியும். அவ்வோட்டம் எவருக்கும் பொருட்டாகத் தோன்றாது. ஆயினும் அது நெய்யரியை 4.8 உவோற்றளவு நேர்ப்பக்கம் உயர்த்திவிடும். நெய்யரி 6 உவோற்று மறையில் நிற்கவேண்டிய வால்வு அப்போது 1.2 உவோற்று மறையிலேயே நிற்கும். கட்டுப்பாடிழந்த வால்வு மிகுந்த ஓட்டத்தை இழுக்கும், சூடேறும், ஒலி கரகரக்கும், சீராக்கியும் ஒலிபெருக்கி நிலைமாற்றியும் அந்தச் சுமையைத் தாங்காது எரியும். பேசியது பெட்டியென்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் கால்மணி நேரத்திலேயே இவ்வளவும் நிகழலாம். வீ சீ எல் 11 இப்போது ஆக்கப்படுவதில்லை, எஞ்சியவையும் அரியவை. சில சதம் பெறுமதியான கடதாசிச் சுருளொன்று, விலைக்கு எளிதிற் கிடையாத வால்வொன்றைக் கொன்றுவிடுகின்றது.

ஒடுக்கியைச் சோதிப்பது எவ்வாறு? பலர் இவ்விடத்திலேயே ஏமாறுகின்றனர். கையடக்கமான கொள்ளளவுமானி சில உவோற்றிலேயே அளப்பது. அது கொள்ளளவைக் காட்டுமேயன்றிக் கசிவைக் காட்டாது. கசியும் ஒடுக்கி அம்மானியிற் குறித்த அளவினுங் கூடிய கொள்ளளவைக் காட்டி நல்லதென நடித்தலும் உண்டு. ஓம்மானியும் அத்தகையதே, குறைந்த அழுத்தத்தில் உறங்கும் கசிவு, வேலையழுத்தத்தில் விழித்துக்கொள்ளும். ஆதலின் வேலையழுத்தத்திலேயே சோதித்தல் முறை. ஒடுக்கியின் ஒரு முனையைச் சுற்றினின்று கழற்றி, 10 மெகாவோம் உள்தடையுடைய உவோற்றுமானியை அதனோடு தொடராக இணைத்து, 200 உவோற்று நேரழுத்தம் கொடுக்கவேண்டும். மானி 10 உவோற்று என்று நிலைத்தால் ஓட்டம் ஒரு மைக்குரோவம்பியர்; எஞ்சிய 190 உவோற்றும் ஒடுக்கியின்மீது நிற்பதால் அதன் கசிவுத்தடை 190 மெகாவோம். மானி 100 காட்டின் கசிவுத்தடை 10 மெகாவோமே; முன்கூறிய கேடு நிச்சயம். இணைப்பொடுக்கியாயின் 190உம் திருப்தியன்று. புதிய செயற்கைப் படல ஒடுக்கியின் தடை ஆயிரக்கணக்கான மெகாவோம்.

நிலைமாற்றியுள்ள பெட்டிகளில் இதனினும் எளிய வழியொன்று உண்டு. வெளியீட்டு வால்வைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இயக்கி, அதன் நெய்யரிக் குழியில் நேரழுத்தம் உளதோவென்று அளக்கலாம். டி கே ஈ பெட்டியில் இவ்வழி செல்லாது. அதன் இரு வால்வுகளின் இழைகளும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றைக் கழற்றின் மற்றையதும் சூடேறாது, அழுத்தமே பிறவாது. இவ்வகைப் பெட்டிக்குச் சோதனையை விட மாற்றமே அறிவுடைமை. இணைப்பொடுக்கியை மாற்றாது மின்னூட்டுபவன் தன் வால்வைப் பணயம் வைக்கின்றான் என்க.

மின்னோடு நேரே தொடர்புற்ற பெட்டிகளில் உயிர்க்கேடும் உண்டு. வான்கம்பி இணைப்பையும் நிலத்தொடுப்பையும் வீட்டு மின்னினின்று பிரித்துவைப்பவை சிறு ஒடுக்கிகளே. அவை கசிந்தால் வான்கம்பியைத் தொடுபவர் வீட்டு மின்னையே தொடுவர். அவ்விடங்களுக்குப் பாதுகாப்பிற்கென ஆக்கப்பட்ட வை வகை ஒடுக்கிகளையும், மின்வழிக்குக் குறுக்கே நிற்குமிடத்திற்கு எக்சு வகையையும் இடுதல் வேண்டும். பிற இடங்களிற் சற்று விட்டுக்கொடுக்கலாம். இவ்விரு இடங்களிலும் எதனையும் விட்டுக்கொடுத்தலாகாது.

மின்பகுப்பொடுக்கியின் கதை வேறு. அதன் ஒட்சைட்டுப் படலம் ஓட்டமின்றி நெடுநாட் கிடந்தால் கரைந்து மெலியும். தடைவழியே மெல்லிய ஓட்டம் விட்டு, அழுத்தத்தைப் பல மணிநேரம் சிறிதுசிறிதாக உயர்த்தின் மீண்டும் வளரும். இதனைப் புத்துருவாக்கல் என்பர். கசிவோட்டம் படிப்படியாகக் குறைந்து, கலம் குளிர்ந்திருப்பின் நம்பலாம். குறையாவிடினும், தொட்டாற் சூடு தெரியினும் அதனை அகற்றவேண்டும். நீர் வற்றிய கலத்திற்குப் புத்துருவாக்கல் பயன்தராது. மாற்றும்போது கூடிய கொள்ளளவு நன்மையென்று எண்ணி 8 மைக்குரோபரட்டு இருந்த இடத்தில் 47ஐ இடுவோர் உளர். முரற்சி குறையும், ஆயின் ஒவ்வொரு துடிப்பிலும் பாயும் ஓட்டத்தைப் பழைய சீராக்கி வால்வு பொறுக்காது.

ஈரமே கடதாசி ஒடுக்கியின் பெரும்பகை என்பதை உலகம் தெளிவாக உணர்ந்தது இரண்டாம் உலகப்போரிலே. 1944இல் தென்கிழக்காசியக் கட்டளையகம் கண்டிக்கு இடம்பெயர்ந்த காலத்தில், பர்மாக் காடுகளிற் படைகள் கொண்டுசென்ற கருவிகளை மழையும் பூஞ்சணமும் தாக்கின. மெழுகுக் குழாய்க்குப் பதிலாக உலோகக் கலத்துள் அடைத்து முனைகளைக் கண்ணாடியாலோ பீங்கானாலோ மூடிய ஒடுக்கிகள் படைக்கருவிகளில் இடம்பெற்றன. வீட்டு வானொலிக்கு அவை விலையேறியவை. ஆதலால் அமைதிக்காலத்துப் பெட்டிகளிற் கடதாசியும் மெழுகும் பின்னும் பல்லாண்டு தொடர்ந்தன. 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டும் திக்சனும் கண்ட பொலியெசுத்தர் நாளடைவில் மெல்லிய படலமாகி ஒடுக்கியினுட் புகுந்த பின்னரே அக்காலம் முடிந்தது. இன்று மீட்பாளர் பழைய 0.1, 0.05, 0.02 மைக்குரோபரட்டுக் குழாய்களின் இடத்தில் 0.1, 0.047, 0.022 அளவினவாய், 630 உவோற்றைத் தாங்கும் படல ஒடுக்கிகளை இடுகின்றனர். சிறுவேறுபாடு பொருட்டன்று, பழையவை புதிதாயிருந்த நாளிலேயே குறித்த அளவினின்று பெரிதும் விலகியே விற்கப்பட்டன.

இங்ஙனம் மாற்றுதலில் வரலாற்றறிஞர்க்கு ஒரு மறுப்பு உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. பழைய ஒடுக்கி வெறும் பழுதுற்ற உறுப்பன்று, சான்றுமாகும். பலவற்றின்மீது ஆக்கப்பட்ட திகதி பொறிக்கப்பட்டுள்ளது. பெட்டியின் வெளிப்புறம் உரையாத ஆண்டை அது உரைக்கும். போர்க்காலத்திற் பொருட்பஞ்சம் எவ்வாறிருந்ததென்பதை மெழுகின் தரமும் உலோகத்தாளின் வகையும் காட்டும். ஒரு பெட்டியில் முன்னரே பழுதுபார்த்தவர் இட்ட ஒடுக்கி, அக்குடும்பம் அதனை எத்தனை காலம் கேட்டதென்பதற்குச் சாட்சி. அனைத்தையும் வெட்டியெறிந்து மஞ்சள்நிறப் புதுமைகளை நிரைநிரையாய்ப் பற்றாசு வைத்த பெட்டி பாடும். ஆயின் 1938ஐப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எனவே சில அருங்காட்சியகங்கள் தம் பெட்டிகளுக்கு மின்னூட்டுவதே இல்லை. அவர்கள் காப்பது பொருளை, ஒலியை அன்று. அக்கொள்கை ஒரேயொரு மாதிரி மட்டும் எஞ்சிய பெட்டிக்குத் தகும். ஆயிரக்கணக்கில் எஞ்சிய டி கே ஈ போன்றவற்றிற்கும் அதனையே விதியாக்கின், அக்காலத்து மக்கள் எத்தகைய மெல்லிய, நடுங்கும் ஒலியில் அவ்வாட்சியாளரின் உரைகளைக் கேட்டனர் என்பதை அறியும் வழி அடைபடும். கேட்டறிதலும் வரலாற்றறிவின் ஒரு பகுதியே.

இரண்டிற்கும் இடைப்பட்ட வழியைக் கைதேர்ந்த மீட்பாளர் கண்டுள்ளனர். பழைய கடதாசிக் குழாயை மென்சூட்டில் இளக்கி உட்சுருளை வெளியே எடுப்பர்; குழாய் கிழியாதபடியும் எழுத்து அழியாதபடியும் இதனைச் செய்யப் பொறுமை வேண்டும். அவ்வெறுங்குழாயினுள், பழையதினும் மிகச் சிறியதான புதிய படல ஒடுக்கியை வைத்து, இரு முனைகளையும் தேன்மெழுகால் அடைத்து, இருந்த இடத்திலேயே இருந்தபடி பொருத்துவர். பார்ப்பவர்க்குப் பழையதே தோன்றும். இதிலும் ஒரு தீங்குண்டு: பின்னர் வரும் ஆய்வாளன் அதனை உண்மையான பழம்பொருளென மயங்குவான். அதனால் நேர்மையுள்ளோர் சுற்றின் படமொன்றை வரைந்து, மாற்றிய ஒவ்வோர் ஒடுக்கியின் இடத்தையும், பழையதன் அளவையும் கசிவையும், புதியதன் அளவையும், மாற்றிய நாளையும் எழுதுவர். வெளியே எடுத்த சுருள்களை ஓர் உறையிலிட்டு முத்திரைசெய்து, அவ்வேட்டோடு சேர்த்துப் பேழையின் உட்புறத்தில், வால்வின் சூடு படாத மூலையிற் கட்டிவைப்பர்.